ஃபாப்யான் ஹாஃப்னரின் கவிதைகள்: உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்துச் சுலோவேனியச் சிறுபான்மையினரில் ஒருவரான கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஃபாப்யான் ஹாஃப்னர் (1966–2016) குறித்து ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதி வருகிறேன். கிளாகன்ஃபுர்ட்டில் பிறந்து, அந்நகரின் ராபர்ட் மூசில் இலக்கிய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், சுலோவேனியக் கவிஞர் தோமாஷ் ஷலாமுன் உள்ளிட்டோரை ஜெர்மனில் வாசிக்கச் செய்தவர். ஆஸ்திரிய எழுத்தாளர் பீட்டர் ஹண்ட்கேயின் படைப்புகளில் சுலோவேனியா பெறும் இடத்தை ஆராய்ந்து 2008இல் ஒரு நூலும் எழுதினார். (ஹண்ட்கேயின் தாயாரும் கரிந்தியச் சுலோவேனியரே.)

ஆஸ்திரியா மீண்டும் இறையாண்மை பெற வழிசெய்த 1955ஆம் ஆண்டு அரசு ஒப்பந்தம் சுலோவேனியருக்கு உறுதியளித்த இருமொழி ஊர்ப்பலகைகளை 1972இல் கும்பல்கள் பிடுங்கி எறிந்த நிலத்தில், சுலோவேனிய மொழியில் கவிதை எழுதுவதும் அதன் கவிஞர்களைப் பெரும்பான்மையினரின் மொழிக்குக் கொண்டுசெல்வதும் வெறும் இலக்கிய ஈடுபாடாக மட்டும் இருந்திருக்க இயலாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அவருடைய கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குவதில் எனக்கு மனமில்லை.

ஆகவே, சுலோவேனிய மொழியோ ஜெர்மனோ நன்கறிந்தவர்கள் சில கவிதைகளை என்னுடன் சேர்ந்து வரிக்குவரி வாசித்து உதவ முடியுமா? வியன்னாவிலோ லியுப்லியானாவிலோ வசிப்பவர்கள், அவருடைய 1988ஆம் ஆண்டுத் தொகுப்பான 'இண்டிகோ' அங்குள்ள நூலகங்களில் கிடைக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.