விண்டோஸைப் புதிதாகப் போட்டாயிற்று: தினமும் கைகொடுக்கும் இலவச மென்பொருள் எது?

சுழியன்_0:
பழைய எஸ்எஸ்டியை மாற்றிவிட்டு விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்டிருக்கிறேன். பழைய டிரைவில் எண்பதுக்கு மேல் புரோகிராம்கள் கிடந்தன, பாதியை எதற்கு நிறுவினேன் என்றே நினைவில்லை. இந்தத் தடவை குப்பை சேர்ப்பதாக இல்லை. இதுவரை போட்டது: ஃபயர்ஃபாக்ஸ், அதில் யுபிளாக் ஆரிஜின், விஎல்சி, 7-ஜிப், லிப்ரே ஆபிஸ், நோட்பேட்++. "டாப் 50" பட்டியல் எதுவும் வேண்டாம், அதை நானே தேடிப் படித்துக்கொள்வேன். நீங்கள் தினமும் நிஜமாகவே திறக்கிற, இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி ஆகிற மென்பொருள் எது? காசு கொடுப்பதாக இல்லை, டிரையல் வெர்ஷனும் வேண்டாம். கமாண்ட் லைன் ஓரளவு பழக்கம்.

எஃப்5_அழுத்து:
எவ்ரிதிங், கோப்பைப் பெயர் வைத்துத் தேடித்தருவது. வேறு எதையும் போடாவிட்டாலும் இதைப் போடுங்கள். விண்டோஸின் சொந்தத் தேடல் பச்சைப் பட்டை நகர்வதைக் காட்டிக்கொண்டே இருக்குமே, இது அப்படியில்லை, பெயரின் மூன்றாவது எழுத்தை அடிப்பதற்குள் கோப்பு வந்து நிற்கும். காரணம் எளிது: ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பார்ப்பதில்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபார்மேட்) டிரைவில் எந்தெந்தக் கோப்பு இருக்கிறது என்பதற்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று ஒரு பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது, இது நேராக அதைப் படித்துவிடும், அப்புறம் நடக்கும் மாற்றங்களை அதே டிரைவ் மாற்றங்களைக் குறித்துவைக்கும் யுஎஸ்என் ஜர்னலிலிருந்து தெரிந்துகொள்ளும். அதனால் லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் இண்டெக்ஸ் போட அதிக நேரம் ஆகாது. கோப்புக்குள் இருக்கும் எழுத்தைத் தேட வேண்டுமென்றால் மட்டும் இதன் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், பெயர், அளவு, தேதி இவற்றில்தான் இது புலி.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது இலவசம்தானே தவிர கட்டற்றது கிடையாது, மூலநிரல் வெளியில் இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதே உத்தியில் ஓடும் இன்னொன்று விஸ்ட்ரீ, டிரைவில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். ஒருநாள் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, இதில் பார்த்தால் நான் எப்போதோ அழித்துவிட்ட ஒரு வீடியோ எடிட்டர் 60 ஜிபி தற்காலிகக் கோப்புகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

மெல்லிய_பிக்ஸல்:
ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஷேர்எக்ஸ், பிடிஎஃப் படிக்க சுமத்ரா பிடிஎஃப். இரண்டுமே கட்டற்றவை. சுமத்ரா ஒரு பிடிஎஃப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே அதே கோப்பை நீங்கள் மாற்றி எழுதலாம், "வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது" என்று முறைக்காது, தானே புதுப்பித்துக் காட்டும். லாடெக்கில் (கட்டளைகளாக எழுதி பிடிஎஃப் ஆக்கும் முறை) எழுதுகிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

பேக்கப்_பித்தன்:
சுழியன், உங்கள் பட்டியலில் எல்லாம் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளக்கூடியவை. போனால் வராதவற்றுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

பாஸ்வேர்டுக்குக் கீபாஸ்எக்ஸ்சி. எல்லாம் என்கிரிப்ட் ஆன ஒரே கோப்பில் இருக்கும், யாருடைய சர்வரிலும் கணக்குத் தொடங்க வேண்டாம். அந்தக் கோப்பை சிங்க்திங் (கருவிகளுக்கிடையே ஃபோல்டர்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள்) வழியாகப் போனுக்கும் கொண்டுபோகலாம், ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ் அதையே திறக்கும். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் திருத்திவிட்டால் சிங்க்திங் ஒன்றை "சிங்க் கான்ஃப்ளிக்ட்" என்ற பெயரில் தனியாக வைத்துவிடும், பதற வேண்டாம், கீபாஸ்எக்ஸ்சியிலேயே இரண்டையும் இணைக்கும் வசதி இருக்கிறது.

ஆனால் சிங்க்திங்கை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். லேப்டாப்பில் இடமில்லை என்று ஒரு போட்டோ ஃபோல்டரை அழித்தேன், இன்னொரு கணினியில்தான் இருக்கிறதே என்ற தைரியம். எழுந்துபோய் அந்தக் கணினியைப் பார்ப்பதற்குள் அங்கேயும் காலி. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அழிந்த கோப்பின் பழைய பிரதியை வைத்திருக்கும் ஃபைல் வெர்ஷனிங் அதில் உண்டு, நாமாக இயக்கினால்தான் இயங்கும்.

பேக்கப்புக்கு ரெஸ்டிக். முதல் தடவை எல்லாவற்றையும் எடுக்கும், அடுத்தடுத்த தடவைகளில் மாறிய துண்டுகளை மட்டும், அதனால் தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தாலும் டிரைவ் வீங்காது. போன செவ்வாய்க்கிழமை அந்த ஃபோல்டர் எப்படி இருந்தது என்றுகூடத் திரும்ப எடுக்கலாம். எல்லாமே என்கிரிப்ட் ஆகித்தான் போகும், பாஸ்வேர்டைத் தொலைத்தால் அவ்வளவுதான், யாராலும் மீட்க முடியாது. அந்தப் பாஸ்வேர்டைக் கீபாஸ் கோப்புக்குள் மட்டும் வைத்துவிட்டு, அந்தக் கீபாஸ் கோப்பை ரெஸ்டிக்குக்குள் மட்டும் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டின கதை. காகிதத்தில் எழுதி எங்கேயாவது வையுங்கள். அப்புறம், மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை ரெஸ்டோர் செய்து திறந்து பாருங்கள்.

ரூட்_இல்லாதவன்:
நிறுவுவதோடு கதை முடிவதில்லை. 7-ஜிப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, பல பேர் போட்ட அன்றைய பதிப்பிலேயே வருடக்கணக்கில் இருக்கிறார்கள். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு விண்டோஸ் ஓர் எச்சரிக்கை முத்திரை குத்துமே, சுருக்கியதை மறுபடி சுருக்கி அனுப்பினால் பிரிக்கும்போது அந்த முத்திரை விடுபட்டுப்போகிற ஓட்டை ஒன்று அதில் இருந்தது. 2024 நவம்பரில் வந்த 24.09இல்தான் அடைத்தார்கள். ஆகவே இயன்றதையெல்லாம் விங்கெட் (கமாண்ட் லைனில் மென்பொருள் நிறுவும் விண்டோஸின் சொந்தக் கருவி) வழியாக நிறுவுங்கள், ஒரே கட்டளையில் அத்தனையும் புதுசாகிவிடும், தேடலில் மேலே வரும் போலி விளம்பரத் தளத்தில் போய் மாட்டவும் மாட்டீர்கள்.

கட்டற்றது என்றாலே பத்திரம் என்றும் இருந்துவிட முடியாது. 2024இல் நடந்த எக்ஸ்இசட் விவகாரம் நினைவிருக்கும், லினக்ஸில் பரவலாக இருக்கும் கட்டற்ற சுருக்கும் மென்பொருள் அது. இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபிள்ளையாகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்துவிட்டார். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் நோண்டப்போய்த்தான் வெளியே வந்தது. மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் நோண்ட முடிந்தது, சரி. ஆனால் அரை நொடிக்கெல்லாம் எரிச்சல்படுகிற ஆள் எல்லா இடத்திலும் இருப்பாரா?

சுழியன்_0:
எல்லோருக்கும் நன்றி. 7-ஜிப்பின் அபவுட்டைத் திறந்தால் 22.01! பழைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்த இன்ஸ்டாலரையே ஓட்டியிருக்கிறேன். அழித்துவிட்டு விங்கெட்டில் போட்டாயிற்று. எவ்ரிதிங்கில் பயோடேட்டா என்று அடித்தேன், பதினொன்று வந்தது, எது கடைசி என்று தெரியவில்லை, அது மென்பொருளின் குற்றமில்லை.

பித்தன், ரெஸ்டிக் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிவிட்டேன். என் வெளி டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கிறது, அப்படியே விடலாமா?

பேக்கப்_பித்தன்:
ஓடும், ஆனால் எக்ஸ்ஃபேட்டில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் கிடையாது, பாதியில் கேபிளைப் பிடுங்கினால் சிக்கல். விண்டோஸில் மட்டும்தான் செருகப்போகிறீர்கள் என்றால், உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்துவிடுங்கள். எவ்ரிதிங்கும் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் படித்துவிடும்.