நீலகிரித் தைலத்தில் புரோமின் நீரின் நிறம் மறைவது ஏன்?

கேள்வி: கோத்தகிரி, 11-ஆம் வகுப்பு மாணவன்

கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையைக் காய்ச்சும் கொட்டகையிலிருந்து அப்பா வாங்கி வந்த தைலத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். புரோமின் நீரில் சில சொட்டு விட்டுக் குலுக்கினேன்; ஆரஞ்சு நிறம் போய்விட்டது. ஆனால் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோலில் வளையமும் ஆக்சிஜன் பாலமும்தான் இருக்கின்றன, இரட்டைப் பிணைப்பே இல்லை. புரோமின் இரட்டைப் பிணைப்பில் சேரும் சேர்க்கை வினையால்தானே நிறம் போகும்; பிறகு அது எதில் நடந்தது?

பதில்: கூடலூர்

தைலம் முழுவதும் சினியோல் அல்ல. ஆல்பா பைனீனும் லிமோனீனும் அதில் உண்டு. இரண்டும் ஆல்க்கீன்கள், அதாவது கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ளவை.

பதில்: குன்னூர், வேதியியல் ஆசிரியர்

தம்பி, முதலில் ஒன்று சொல். நீர் மட்டும் வெளுத்ததா, மேலே மிதக்கும் எண்ணெயும் நிறமற்று இருந்ததா? புரோமின், நீரில் கரைவதைவிட எண்ணெயில் எளிதாகக் கரையும். வினையே நடக்காவிட்டாலும் அது மேலே ஏறிக்கொள்ளும். நீர் வெளுக்கும், எண்ணெய் ஆரஞ்சாகும். பலரும் இதைப் பார்க்காமல் முடிவு எழுதிவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்

இரண்டுமே நிறமற்றுத்தான் இருந்தன, ஐயா. எண்ணெய்ப் படலம் கொஞ்சம் கலங்கலாக இருந்தது.

குன்னூர் ஆசிரியர்

அப்படியானால் புரோமின் உண்மையிலேயே இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருக்கிறது. கூடலூர் நண்பர் சொன்னதே காரணம். சினியோல், லிமோனீன் இரண்டின் கொதிநிலையும் ஏறத்தாழ 176 டிகிரி செல்சியஸ். எனவே கொட்டகையில் எவ்வளவு பக்குவமாக வடித்தாலும் லிமோனீன் கூடவே வந்துவிடும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். சினியோலில் இரட்டைப் பிணைப்பு இல்லாததற்கே ஒரு சேர்க்கை வினைதான் காரணம்! இலைக்குள் அது ஆல்பா டெர்பினியோல் நிலையைக் கடந்து உருவாகிறது. அந்த மூலக்கூறின் வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு, வளையத்துக்கு வெளியே ஓர் ஆல்கஹால் தொகுதி. முதலில் ஒரு புரோட்டான் (H⁺) இரட்டைப் பிணைப்பில், ஹைட்ரஜன் உள்ள கார்பனில் சேர்கிறது. மெத்தில் தொகுதி உள்ள கார்பன் மூவிணைய நேரயனியாகிறது, அதாவது மூன்று கார்பன்களோடு இணைந்த நேர்மின் கார்பனாகிறது. அதே மூலக்கூறின் ஆக்சிஜன் வளைந்து வந்து அந்தக் கார்பனைப் பற்றிக்கொள்கிறது. தன் ஹைட்ரஜனைப் புரோட்டானாக விட்டுவிடுகிறது. இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனிலேயே புதிய ஹைட்ரஜன் சேரும் என்று மார்கோனிகாஃப் 1869-இல் வகுத்த விதி, நம் மலையின் ஒவ்வொரு கற்பூர இலையிலும் நடக்கிறது. இதைப் பாடத்தில் சேர்க்காதது எனக்குப் பெரிய குறை.

கேள்வி கேட்டவர்

புரோட்டான் மற்ற கார்பனில் சேர்ந்தால் என்ன ஆகும், ஐயா?

குன்னூர் ஆசிரியர்

இரண்டு கார்பன்களோடு மட்டும் இணைந்த ஈரிணைய நேரயனி வரும். அது நிலைத்தன்மை குறைந்தது. அந்த வழி எளிதில் நடக்காது. பெயரைப் பார்: 1,8-சினியோல். மெத்தில் தாங்கும் கார்பனுக்குத்தான் எண் 1. ஆல்கஹால் தொகுதி இருந்த கார்பனுக்கு எண் 8. ஆக்சிஜன் பாலம் இந்த இரண்டையும்தான் இணைக்கிறது. டெர்பினியோலின் அமைப்பை வரைந்து, எலக்ட்ரான் நகர்வை அம்புக்குறியால் காட்டி இங்கே பதிவிடு, பார்க்கிறேன்.