சாவி நம் கையில் இருந்தால் போதுமா?

நிலவன்:
வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு தளம் கேட்டால், அடையாள அட்டையை அப்படியே படமெடுத்து ஏற்றிவிடுகிறோம். அவர்களுக்குத் தேவை ‘18 நிரம்பியதா’ என்பதற்கு ஒரு பதில்தான். போவதோ பெயர், முகவரி, போட்டோ எல்லாம். பரவலாக்கப்பட்ட அடையாள முறையில், அதாவது சான்றுகளை நாமே வைத்துக்கொள்ளும் முறையில், சான்று தருபவர் அதில் டிஜிட்டல் கையெழுத்திட்டு, போனில் இருக்கும் நம் வாலட் செயலியில் சேர்த்துவிடுவார். வேண்டிய வரியை மட்டும் காட்டினாலும் அந்தக் கையெழுத்து செல்லுபடியாகும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, டிஐடி எனப்படும், எந்த நிறுவனத்தையும் சாராத அடையாளக் குறியீட்டுக்கான தரத்தை 2022-லேயே வெளியிட்டுவிட்டது. இன்னும் ஏன் தயக்கம்?

கயல்:
வாலட்டின் சாவி, அதாவது அது நம்முடையது என்று நிரூபிக்கும் ரகசிய எண், தொலைந்தால் என்ன செய்வது என்றுதான். என் போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. சாவியை மீட்பதற்கான 12 சொற்களைப் பென்சிலில் எழுதி ஒரு நோட்டுக்குள் செருகியிருந்தேன். வீடு மாறியதில் அந்த நோட்டே போய்விட்டது. ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ என்று கேட்க அங்கே யாருமில்லை.

நிலவன்:
அதற்கு வழி இருக்கிறதே. குறியாக்கவியல் அறிஞர் ஆதி ஷமீர் 1979-இலேயே காட்டியது. சாவியை 5 பங்காக்கி நம்பகமானவர்களிடம் கொடுத்துவைத்தால், எந்த 3 பங்கு சேர்ந்தாலும் சாவி திரும்பிவிடும்.

கயல்:
என்னாலேயே பத்திரப்படுத்த முடியாததை ஐந்து பேர் பத்து வருஷம் பத்திரமாக வைத்திருப்பார்களா?

பாரி:
இருவரும் போனையே பார்க்கிறீர்கள். கேட்பவரைப் பாருங்கள். ‘முழுச் சான்றையும் காட்டு, இல்லையென்றால் சேவை கிடையாது’ என்றால் எல்லோரும் ‘சரி’யை அழுத்திவிடுவோம். டிஜிட்டல் அடையாள வாலட் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1183 விதி இங்கேதான் கை வைக்கிறது: என்ன தகவல் கேட்கப்போகிறோம் என்று நிறுவனம் முன்பே பதிவு செய்ய வேண்டும். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

அப்புறம், சான்று ரத்தாகிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் வழங்கியவரையே கேட்டால், நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் குறைந்தது 1,31,072 சான்றுகளின் நிலையை ஒரே பட்டியலாக்கி, அதை மொத்தமாக இறக்கிப் பார்க்கச் சொல்கிறது டபிள்யூ3சி தரம். யாருடையதைப் பார்த்தார்கள் என்று வழங்கியவருக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே டிஐடியைக் காட்டினால் இந்தக் கவனம் அத்தனையும் வீண். இடத்துக்கு ஒன்று வேண்டும்.

நிலவன்:
கேட்பவரைக் கட்டுப்படுத்தாமல் வாலட் மட்டும் போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாலட்டே இல்லாவிட்டால் பழையபடி முழு அட்டைதான் போகும்.

கயல்:
வாலட் வரட்டும். ஆனால் சாவி தொலைந்தவர் நேரில் போய் நின்றால் பழைய சான்றை ரத்து செய்து புதிது தர, வழங்குபவரிடம் ஒரு ஆள் இருக்க வேண்டும். அது இல்லாத வாலட்டில் என் சான்றிதழை வைக்க மாட்டேன்.