பயாப்சி: ‘திசு ஆய்வு’ அன்று, ‘திசுவெடுப்பு’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நோயறிவதற்காக உடலிலிருந்து சிறிதளவு திசுவை எடுக்கும் பயாப்சிக்குத் தமிழில் ‘திசு ஆய்வு’ என்பதே போதும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. ஆய்வு பின்னர் நுண்ணோக்கியின் கீழ் நடப்பது. பயாப்சியோ நோயாளியின் உடலில் நடப்பது. மார்பகத்தில் கட்டியுள்ள ஒருவர் ஒப்புதல் படிவத்தில் ‘திசு ஆய்வு’ என்று படித்தால், தம் உடலில் ஊசி இறங்கப்போகிறது என்பதை அச்சொல் அவருக்கு உணர்த்துவதில்லை. ‘உயிர்ப் பரிசோதனை’ இன்னும் மோசம். 1879இல் பிரெஞ்சு மருத்துவர் எர்னெஸ்ட் பெனியே, ‘உயிர்’, ‘பார்வை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கியதை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை அது. படிப்பவருக்கு உயிருக்கே சோதனை என்று படும்.

ஆகவே கணக்கெடுப்பு, படியெடுப்பு என்பவற்றைப் போலத் ‘திசுவெடுப்பு’ என்று சொல்லலாம். (இலங்கை வழக்கில் ‘இழையம்’ என்போர் ‘இழைய எடுப்பு’ எனலாம், எனக்கு மறுப்பில்லை.)

சற்றுத் தடித்த ஊசியால் திசுவெடுக்கும் ‘கோர் நீடில்’ முறையை ‘மைய ஊசி’ என்று எழுதுவது பிழை. தோலை மரத்துப்போகச் செய்து, சிறிதளவு கீறி, அல்ட்ராசவுண்டு திரையில் ஊசிமுனை கட்டியை நெருங்குவதைப் பார்த்தபடியே மருத்துவர் விசையை அழுத்துகிறார். சுருள்வில் ‘டக்’கென்று பாய, பெரும்பாலும் 14 கேஜ் தடிமனுள்ள அவ்வூசியின் பள்ளத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள நூல்துண்டு போன்ற திசு சிக்கிக்கொள்கிறது. இவ்வாறு எடுத்த சில துண்டுகளைத் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இடுவார்கள். ஆழ்துளையிட்டு எடுக்கும் பாறை உருளையைத்தான் ‘கோர்’ இங்கே நினைவூட்டுகிறது. மையத்துக்கு இதில் வேலையே இல்லை. ‘உருளைத் திசுவெடுப்பு’ என்றால் செயல் கண்முன் நிற்கும். வெற்றிடத்தால் இழுத்து வெட்டும் முறைக்கு ‘வெற்றிடத் திசுவெடுப்பு’ பொருந்தும்.

மெல்லிய ஊசியால் உறிஞ்சும் முறைக்கு மட்டும் என் சொல் ஆகாது. அதில் கிடைப்பவை உதிரி உயிரணுக்களே. திசுவின் கட்டமைப்பு கலைந்துவிடுவதால், பால்நாளத்துக்குள் அடங்கிய புற்றையும் நாளத்தைத் தாண்டிப் பரவிய புற்றையும் அவற்றைக்கொண்டு உறுதியாகப் பிரித்தறிய இயலாது. இவ்வேறுபாட்டைக் காட்டவே அதனை ‘நுண்ணூசி உறிஞ்சல்’ எனத் தனியே வைக்க விரும்புகிறேன்.

கட்டி முழுவதையும் அறுத்தெடுக்கும் முறைக்குத்தான் நல்ல சொல் அகப்படவில்லை. ‘முழுத் திசுவெடுப்பு’ என்றால் மார்பகத்தையே எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் எழும். ‘கட்டியெடுப்பு’ என்றால் நோயறியும் நோக்கம் மறைந்து சிகிச்சையாகிவிடும். மாற்றுச் சொல் தோன்றினால் எழுதுங்கள்.