எட்ஜ் நீளத்தை மாற்றினாலும் படம் மாறவில்லையாம்: எடுத்துக்காட்டுகளை எப்படிச் சீராக்குவது?

பின்னல்காரன்

நோடு-எட்ஜ் படம் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட வலைப்படம்) வரையும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்றைப் பராமரிக்கிறேன். உள்ளே எந்த நோடு எங்கே நிற்கும் என்ற லேஅவுட் கணக்கைப் போடுவது டி3-ஃபோர்ஸ் (நோடுகளை விசைகளால் நகர்த்தும் லைப்ரரி), வெளியே வருவது எஸ்விஜி என்ற வெக்டர் படம். ஆவணங்களில் ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் இடப்பக்கம் நிரலைத் திருத்த கோட்மிரர் எடிட்டர், வலப்பக்கம் ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) படம். ஒரு எழுத்தைத் தட்டினாலும் உடனே மறுபடி ஓடும். செய்து முடித்தபோது எங்களுக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஆனால் பயனர்கள் எழுதுவதைப் பார்த்தால் பலருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை என்று தெரிகிறது. "எட்ஜ் நீளத்தை 30-லிருந்து 80 ஆக்கினேன், எதுவுமே மாறவில்லையே" என்கிறார் ஒருவர். இன்னொருவர் நிரலை அப்படியே எடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டினாராம், வெறும் வெள்ளைதான் வருகிறதாம். எடிட்டரில் ஆட்டோகம்ப்ளீட்டும் டைப் குறிப்புகளும் சேர்த்தால் சரியாகும் என்று குழுவில் ஒரு தரப்பு சொல்கிறது. எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்கிறது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. இந்த வேலையில் பழகியவர்கள் எதிலிருந்து தொடங்குவீர்கள்?

அரைப்புள்ளி

ஆட்டோகம்ப்ளீட்டை இப்போதைக்கு விடுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: படம் சட்டத்துக்குள் அடங்கும்படி தானாகவே ஜூம் ஆகிறதா? ஆகிறது என்றால் அந்தப் பயனர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் நீளத்தை இரண்டரை மடங்குக்கு மேல் கூட்டுகிறார், உங்கள் ஜூம் ஏறக்குறைய அதே அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. கடைசியில் வட்டங்கள் கொஞ்சம் சிறுத்துப்போனதுதான் மிச்சம். நீளம், விலக்கு விசை (நோடுகள் ஒன்றையொன்று தள்ளும் விசை) மாதிரியானவற்றை விளக்கும் எடுத்துக்காட்டுகளில் ஜூமைக் கட்டிப்போடுங்கள். படம் சட்டத்துக்கு வெளியே போனால் போகட்டும், அதுதானே பாடம்!

அடுத்தது, 80 என்று அடிக்கும்போது முதலில் 8 ஓடிவிடுகிறது. நோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அப்புறம் சிதறி, அப்புறம் அடங்கும். தட்டுவது நின்று அரை நொடி கழித்து ஓட்டுங்கள், இல்லையென்றால் 'ஓட்டு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். என் ஓட்டு பொத்தானுக்குத்தான். பாதி எழுதிய வைல் லூப் முடிவில்லாமல் சுற்றிப் பக்கத்தை உறைய வைக்கிற தொல்லையும் பெரும்பாலும் அதோடு தீரும். ஐஃப்ரேமில் இருப்பதால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அதே தளத்திலிருந்து வரும் ஐஃப்ரேம் பெரும்பாலும் தாய்ப்பக்கத்தின் திரெட்டிலேயே (அதே வேலை வரிசையிலேயே) ஓடும்.

உண்மையான சிக்கல் இதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆரம்ப இடம் சொல்லாத நோடுகளை டி3-ஃபோர்ஸ் ஒரு சுருள் வடிவில் அடுக்கிவிட்டுக் கிளம்பும். ஆல்ஃபா (நோடுகள் நகரும் வீரியத்தைக் குறிக்கும் எண்) 1-இல் தொடங்கி 0.001-க்குக் கீழே இறங்க, இயல்பு மதிப்புகளில் சுமார் 300 டிக் (கணக்கின் ஒவ்வொரு படி) ஆகும். நொடிக்கு 60 ஃபிரேம், ஃபிரேமுக்கு ஒரு டிக் என்றால் 5 நொடி. எந்தச் சின்னத் திருத்தத்துக்கும் இந்த 5 நொடிக் கூத்து முழுவதையும் பார்க்க வேண்டும். அது முடிவதற்குள் படம் முன்பு எப்படி இருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. அதனால் முந்தைய ஓட்டம் முடிந்ததும் நோடுகளின் எக்ஸ், ஒய் மதிப்புகளை ஐடி வாரியாக எடுத்து வையுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு அவற்றைக் கொடுத்து, ஆல்ஃபாவை 0.3-இல் தொடங்குங்கள். இருந்த இடத்திலிருந்தே நோடுகள் நகரும், எது எங்கே போனது என்று கண் பின்தொடர முடியும். பழைய படத்தை மங்கலான சாம்பல் நிறத்தில் பின்னால் விட்டுவைத்தால் இன்னும் நல்லது.

இதில் ஒரு எச்சரிக்கை. டி3-ஃபோர்ஸ் நீங்கள் கொடுத்த ஆப்ஜெக்ட்டிலேயே இடத்தையும் வேகத்தையும் எழுதும். லிங்கின் (அதாவது எட்ஜின்) சோர்ஸ், டார்கெட் இரண்டிலும் ஐடியைத் தூக்கிவிட்டு நோடு ஆப்ஜெக்ட்டையே வைத்துவிடும். ஒரே தரவை எல்லா ஓட்டங்களுக்கும் பகிர்ந்தால், படம் வாசகர் இதுவரை என்னென்ன தட்டினார் என்பதைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது நகல் கொடுங்கள், இடங்களை மட்டும் நீங்களே கைமாற்றுங்கள். 'முதலிலிருந்து' என்று ஒரு பொத்தானும் வேண்டும்.

நள்ளிரவு_பில்ட்

வெள்ளைத் திரைக்கு நான் உயரத்தின் மேல்தான் சந்தேகப்படுவேன். உங்கள் ஆவணப் பக்கத்தின் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) படம் வரும் டிவ்வுக்கு (பெட்டிக்கு) உயரம் கொடுத்திருக்கும், எடிட்டரில் அது தெரியாது. ஒட்டியவர் பக்கத்தில் உயரம் பூஜ்யம். எஸ்விஜி பிழை ஏதும் காட்டாமல் பூஜ்ய உயரத்தில் சமர்த்தாக வரைந்துகொண்டிருக்கும். இம்போர்ட் வரிகளையும் இப்படி மறைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நகல் பொத்தானை அமுக்கினால் தனி எச்டிஎம்எல் ஃபைலாக ஓடக்கூடிய முழு நிரலும், லைப்ரரியின் வெர்ஷன் எண்ணோடு வர வேண்டும். கூடவே, டிவ்வின் உயரம் பூஜ்யமாக இருந்தால் லைப்ரரியே பிரவுசர் கன்சோலில் ஒரு எச்சரிக்கை போடட்டும்.

அப்புறம், எடுத்துக்காட்டு நிரலை ஆவணத்துக்குள் உரையாக ஒட்டி வைக்காமல் தனி ஃபைல்களாக வைத்தால் ஒவ்வொரு பில்ட்டிலும் பிளேரைட் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) கொண்டு ஓட்டிவிடலாம். கன்சோலில் பிழை வருகிறதா, எதிர்பார்த்த எண்ணிக்கையில் வட்டங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒப்பிடும் ஆசை வரும், வேண்டாம். எழுத்துரு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு மாதிரி விழும், பொய் அபாயமணி அடித்துக்கொண்டே இருக்கும். நோடுகளின் இடங்களை முழு எண்ணாக்கி ஒப்பிடுங்கள்.

மூன்றாவது_நோடு

எடுத்துக்காட்டில் என்ன தரவு? ஏ, பி, சி என்று மூன்று நோடு, மூன்று எட்ஜ் என்றால் எந்த விசையை மாற்றினாலும் முக்கோணம்தான் வரும். 1977-இல் ஸக்கரி வெளியிட்ட கராத்தே கிளப் தரவு (ஒரு கிளப் உறுப்பினர்களுக்கிடையேயான தொடர்புகள்) இருக்கிறதே, 34 நோடு, 78 எட்ஜ். இரண்டு கூட்டமாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும், விலக்கு விசையைக் கூட்டிக் குறைத்தால் வித்தியாசமும் தெரியும். நோடு பெயர்களில் ஒன்றிரண்டாவது நீளமாக, தமிழில் இருக்கட்டும். ஓரெழுத்துப் பெயரை வைத்துக்கொண்டு லேபிள் வழிகிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள்?

எண் ஒன்றை மட்டும் மாற்றிக் காட்டும் இடங்களில் எடிட்டரே எதற்கு என்பது என் கட்சி. ஸ்லைடர் போதும், மாறும் வரியைப் பக்கத்தில் காட்டிவிடலாம்.

பின்னல்காரன்

அரைப்புள்ளி சொன்னது சரி, ஜூம்தான். தானியங்கி ஜூமை நிறுத்திவிட்டு 30, 80 இரண்டையும் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. உயரமும் நள்ளிரவு_பில்ட் ஊகித்தபடியே ஆவண சிஎஸ்எஸ்ஸில் ஒளிந்திருந்தது. ஆட்டோகம்ப்ளீட் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டோம்.

ஸ்லைடர் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். வாசகர் கடைசியில் நிரல்தான் எழுதப் போகிறார், அந்த வரியை அவர் கையாலேயே ஒருமுறை மாற்றட்டும் என்று நினைக்கிறேன். இன்னொரு சந்தேகம்: பழைய இடங்களைக் கொடுத்துத் தொடங்கும்போது வாசகர் புதிதாக ஒரு நோடு சேர்த்தால் அதை எங்கே வைப்பது? இப்போது அது நடுவில் போய் விழுந்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தள்ளுகிறது.

அரைப்புள்ளி

அதன் அண்டை நோடுகளின் சராசரி இடத்தில், சில பிக்சல் தள்ளி வையுங்கள். எட்ஜே இல்லாத நோடு என்றால் படத்தின் ஓரத்தில் விடுங்கள். அந்த ஓட்டத்துக்கு மட்டும் பழைய நோடுகளின் எஃப்எக்ஸ், எஃப்ஒய் (நோடை ஓரிடத்தில் கட்டிப்போடும்) மதிப்புகளைப் போட்டு அசையாமல் நிறுத்தி, புதியது அமர்ந்ததும் அவற்றை நல் (null) ஆக்கி விடுவித்தால் பழைய படம் அதிகம் கலையாது.