முழுமுக மாஸ்க் வாங்கலாமா?

முல்லைத்தீவு அளம்பில் பக்கம் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கு இறங்குகிற ஆள் நான். காற்று வருகிற கடிவாய் ரப்பரைக் கடித்துக் கடித்துத் தாடை விறைத்து, மேலே வந்தால் பிளேன்ரீ குடிக்கக்கூட வாய் திறக்குதில்லை. முகம் முழுக்க மூடுகிற மாஸ்க் போட்டால் சுகமா?

பதில் 1
சுகம்தான். கடிக்கத் தேவையில்லை, மூக்காலேயே மூச்சு விடலாம். வருகிற காற்று கண்ணாடியில் பட்டுப் போவதால் புகார் (நீராவி மங்கல்) பிடிப்பதும் குறைவு. பெரிய நன்மை என்னவென்றால், கீழே மயங்கினாலும் கடிவாய் நழுவி வாய்க்குள் தண்ணீர் போகிற ஆபத்து குறைவு. படகோடு கதைக்கவும் முடியும், ஆனால் அதற்குத் தனிக் கருவி வேண்டும், விலையைக் கேட்டால் மயங்கிவிடுவீர்கள்.

பதில் 2
தம்பி, அவசரப்படாதை. காற்று முடிந்தால் மற்றவனுடைய ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தருகிற கருவியை) வாயில் வைக்க முழு மாஸ்கையும் கழற்ற வேண்டும், அந்த நேரம் கண் தெரியாது. அதனால் சாதாரண மாஸ்க் ஒன்று இடுப்புப் பையில் எப்பவும் இருக்கட்டும். மூக்கைக் கையால் பிடிக்க முடியாது, காது அடைப்பு எடுக்க உள்ளே இருக்கிற மூக்குத் திண்டில் அழுத்திப் பழக வேண்டும். முகத்தோடு சரியாகப் பொருந்தாவிட்டால் காற்றும் வீணாகும். தாடி வைத்திருக்கிறீரோ?

பதில் 3
மலிவாக விற்கிற, உச்சியில் குழாய் வைத்த மாஸ்க் மேலே மிதக்கிறவர்களுக்கு. அதோடு ஆழத்துக்குப் போகாதேங்கோ.

கேட்டவர்
தாடி இருக்கு அண்ணை. சரி, முதலில் அதை வழிக்கிறேன்.