மாடி அறையில் 94ஐத் தாண்டாத நெட், ரவுட்டரை மாற்றணுமா?

மாடிஅறை:
வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கீழே ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் வைஃபையிலேயே 280 வரை வருகிறது. மாடிக்கு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, இரண்டு முனையிலும் கனெக்டரை நானே கிரிம்ப் செய்தேன் (கருவியால் அழுத்திப் பொருத்தினேன்), 25 மீட்டர்கூட இருக்காது. ஆனால் மாடி கம்ப்யூட்டரில் எத்தனை முறை பார்த்தாலும் 94தான். கடையில் ரவுட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றணுமா?

கிரிம்பர்:
வேண்டாங்க, காசை வீணாக்காதீங்க. அந்த 94தான் துப்பு. லைன் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடும்போது ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலைப்பு, நடுவில் விடும் இடைவெளி எல்லாம் போக நமக்குக் கிடைப்பது 94 சொச்சம், அதாவது உங்கள் கேபிள் ஜிகாபிட்டில் (1000 எம்பிபிஎஸ்) இணையவே இல்லை. 100க்கு நாலு கம்பி போதும், கனெக்டரில் 1, 2, 3, 6ம் இடத்தில் இருப்பவை. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், இரண்டிரண்டாக முறுக்கிய ஒரு ஜோடிக்கு 250 வீதம் நாலு ஜோடியும் சேர்ந்துதான் 1000 ஆகிறது. ஒரு கம்பி தொடாவிட்டாலும் பல நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் வருவதால் கேபிள்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸில் ஈதர்நெட் ஸ்டேட்டஸில் வேகம் 100 என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து எட்டுக் கம்பியும் நுனிவரை போயிருக்கிறதா என்று எண்ணுங்கள்.

எட்டுக்கம்பி:
அவர் சொன்னது சரி, கலர் வரிசையையும் பார்த்துடுங்க. பூட்டு நாக்கு கீழே இருக்க, கம்பி நுழையும் பக்கம் உங்களை நோக்கி இருந்தால் இடமிருந்து: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து நீலத்தைக் கட்டிக்கொண்டு நிற்பது தப்பு மாதிரித் தெரியும், தப்பில்லை. 3ம் 6ம் ஒரே ஜோடியாக இருக்கணும், அப்போதுதான் முறுக்கு பக்கத்துக் கம்பியின் இரைச்சலை அடக்கும். நான் முதலில் ஜோடி ஜோடியாக வரிசையாகச் சொருகிவிட்டேன், இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்ததால் எட்டு லைட் டெஸ்டரில் எல்லாமே பச்சையாக எரிந்தது, லைன் மட்டும் விட்டுவிட்டு வந்தது, ஒரு வாரம் தேடினேன். அப்புறம், முறுக்கை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்காதீங்க.

கேபிள் ரொம்ப மலிவாகக் கிடைத்ததா? ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அது மடிந்த இடத்தில் சீக்கிரம் முறியும், அதை மட்டும் சுவருக்குள் போடவே போடாதீங்க.

மாடிஅறை:
ஸ்டேட்டஸில் 100தான் இருந்தது. மாடி முனையில் பிரவுன் கம்பி நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது, மேலே இருக்கும் உலோகப் பல் அதைத் தொடவே இல்லை. வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டேன், இப்போது 1.0 ஜிபிபிஎஸ் காட்டுகிறது, ஸ்பீடு டெஸ்ட்டில் 287. சுரண்டியும் பார்த்தேன், உள்ளேயும் செம்புதான். ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும்.